கல்லும் பெயரும்: பினாங்கு யூத இடுகாட்டை முன்வைத்துக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் மரபுடைமை பற்றிய ஒரு மதிப்பீடு

முன்னுரை

பினாங்கு ஜார்ஜ் டவுன் நகரில், பர்மா சாலையையும் மெக்காலிஸ்டர் சாலையையும் இணைக்கும் ஜாலான் ஜைனல் அபிடினில் பழமையான இடுகாடு ஒன்று உள்ளது. முன்னாளில் அச்சாலையின் பெயர் யூதர் சாலை என்பதாகும். சாலையின் பெயர் மாறியது. அதற்குப் பெயர் தந்த மக்களும் நாட்டைவிட்டு அகன்றனர். இடுகாடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1805ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாளைக் குறிக்கும் சோஷன் லேவி அம்மையாரின் கல்லறையே அங்குள்ளவற்றுள் மிகப் பழையது. அந்நிலத்தைக் கொடையாக அளித்தவர் அவரே என்று கருதப்படுகிறது. ஏறத்தாழ 107 கல்லறைகள் உள்ள அவ்விடத்தில் 2011இலும் ஓர் அடக்கம் நிகழ்ந்தது.

தமிழாய்விதழ் ஒன்றில் யூத இடுகாட்டிற்கு என்ன இடம் என்ற வினா எழுவது இயல்பே. நூறு பேர்கூட எஞ்சாத ஒரு சமூகத்தின் கல்லறைகள் இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. நாடு முழுவதும் பரவி வாழும் மலேசியத் தமிழரின் தோட்டத்துக் கோயில்களும் இடுகாடுகளும் நம் கண்முன்னே மறைந்து வருகின்றன. இவ்விரு நிலைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் மரபுடைமை என்ற சொல்லை நாம் எவ்வாறு பொருள் கொண்டுள்ளோம் என்பதும், அப்பொருளில் உள்ள குறைகளும் புலப்படும். அதனைக் கிள்ளான் பள்ளத்தாக்கை மையமாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யூதரும் தமிழுலகும்

யூதர் தமிழுலகிற்கு அந்நியர் அல்லர். கி.பி. 849ஐச் சார்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதன் சான்றாளர் கையொப்பங்களில் எபிரேய எழுத்தில் அமைந்தவையும் உள்ளன. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ண உரிமையை, 72 சிறப்புரிமைகளுடன் வழங்கிய செய்தியைக் கொச்சி யூதர் செப்பேடு கூறுகிறது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம், ஐந்நூற்றுவர் ஆகிய வணிகக் குழுக்களைப் பற்றி நம் மாணவர்க்குக் கற்பிக்கும்போது, கடல் வணிகத்தில் தமிழரோடு தோளொட்டி நின்ற ஒரு மக்கட்பிரிவைப் பற்றியும் கற்பிக்கிறோம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பினாங்கிலும் இத்தொடர்பின் எதிரொலி கேட்கிறது. அங்கு யூதரின் தொழுகைக்கூடம் 1929இல் திறக்கப்பட்ட இடம் நாகூர் சாலை, 28ஆம் எண் கட்டடம். பாக்தாதிலிருந்து வந்தோர் வழிபட்ட கூடம் தமிழகத்துத் துறைமுக ஊர் ஒன்றின் பெயர் தாங்கிய சாலையில் நின்றது. குடியேற்ற நகரம் ஒன்றில் சமூகங்கள் ஒன்றையொன்று தொட்டு வாழ்ந்ததற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

கூடமும் இடுகாடும்

அத்தொழுகைக்கூடம் 1976இல் மூடப்பட்டது. யூத மரபில் பொது வழிபாடு நிகழ வயது வந்தோர் பத்துப் பேர் கூடியிருத்தல் வேண்டும். அப்பத்துப் பேர் கிடைக்காத நாளில் கூடம் தன் பொருளை இழந்தது. ஆனால் இடுகாடு இழக்கவில்லை. கூடத்திற்கு மக்கள் வேண்டும். இடுகாட்டிற்கு நில உரிமையும் அதனைக் காக்கும் பொறுப்பாளரும் இருந்தால் போதும்.

இடுகாடு நிலைத்ததற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, அதற்கென 1885இல் அறங்காவலர் குழு அமைக்கப்பட்டமை. கொடையாக வந்த நிலம் தனியொருவர் கையில் தேங்காமல் ஓர் அமைப்பின் பொறுப்பில் வந்தது. இரண்டாவது, கல்லில் பெயரும் நாளும் பொறிக்கும் வழக்கம். பெயரில்லாத மேட்டை அகற்றுவது எளிது; பெயருள்ள கல்லை அகற்றுவோர் யாருடைய கல் என்ற வினாவிற்கு விடை கூறியாக வேண்டும். மூன்றாவது, வெளியார் காட்டிய அக்கறை. 1941 அக்டோபரில் விபத்தில் இறந்த பிரித்தானிய இந்தியப் படை அதிகாரி விக்டர் கோஹனின் கல்லறை காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பராமரிப்பில் உள்ளது. 2002இல் பினாங்கில் நடைபெற்ற 'பினாங்கின் கதை' மாநாட்டில் மலேசிய ஆய்வாளர் ரைமி சே ரோஸ் இவ்விடுகாட்டைப் பற்றி ஆய்வுக்கட்டுரை படைத்தார். பிற சமயத்தார் ஒருவரே அக்கல்லறைகளின் வரலாற்றை எழுத்தில் பதித்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

இதனைக் குறையற்ற பாதுகாப்பு என்று போற்றுவதற்கில்லை. பசும்புல் படர்ந்திருந்த தரையின் பெரும்பகுதி பிற்காலத்தில் சிமெண்டால் மூடப்பட்டது. சாலைப் பெயர் மாறியதால் இடத்தின் வரலாற்றைச் சுட்டும் பொதுக்குறியும் அற்றுப்போயிற்று. கல் நிலைத்தது, கல்லைச் சூழ்ந்த நினைவு தேய்ந்தது.

இங்குக் கொச்சியின் பட்டறிவு நமக்குத் துணைபுரியும். மட்டாஞ்சேரியில் இருந்த கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் மர வேலைப்பாடுகள் 1990களின் தொடக்கத்தில் எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவை இன்றும் அங்குக் காட்சிக்கு உள்ளன. கொச்சியில் எஞ்சிய கட்டடமோ 2019 செப்டம்பர் மழையில் பெரும்பகுதி இடிந்து வீழ்ந்தது. அழகைக் காத்தோர் இடத்தைக் காக்கவில்லை. இதற்கு மாறாக, சேந்தமங்கலம், பரவூர் தொழுகைக்கூடங்களைக் கேரள அரசு சீரமைத்து, அவ்வூர்களிலேயே அருங்காட்சியகங்களாக்கியது. கி.பி. 1269ஐக் குறிக்கும் எபிரேயக் கல்லறைக்கல் ஒன்றும் சேந்தமங்கலத்தில் காக்கப்படுகிறது. யூதர் அகன்ற பின்னரும் அவ்வூரார் அதனைத் தம் ஊரின் வரலாறாக ஏற்றுக்கொண்டனர். மரபுடைமைப் பாதுகாப்பின் உண்மையான அளவுகோல் இவ்வேற்பே ஆகும்.

சட்டத்தின் பார்வை

மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்திற்கு மாற்றாகத் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பண்பாட்டுச் சிறப்பு என்பதை அச்சட்டம் விரிவாகவே வரையறுக்கிறது. அழகியல், கட்டடக்கலை, வரலாறு ஆகியவற்றோடு சமூகம், ஆன்மிகம், மொழி சார்ந்த மதிப்புகளையும் அது ஏற்கிறது. தேசிய மரபுடைமையாக அறிவிப்பதற்குரிய அளவுகோல்களுள் சமூக, பண்பாட்டுத் தொடர்பும் அரிய தன்மையும் இடம்பெறுகின்றன. இவ்வாசகங்களின்படி நோக்கினால், தகரக் கூரையின்கீழ் மூன்று கற்களை நட்டு வழிபட்ட தோட்டத்து முனியாண்டி கோயிலும் மரபுடைமையாகத் தகுதி பெறலாம்.

எனினும் வாசகத்திற்கும் நடைமுறைக்கும் இடையே நிலம் குறுக்கிடுகிறது. கூட்டரசு அரசமைப்பின்படி நிலம் மாநில அதிகாரத்திற்கு உட்பட்டது. அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, இடுகாடுகளையும் எரிகாடுகளையும் சந்தைகள், கால்நடைப் பட்டிகள் முதலியவற்றோடு ஒருசேர வைத்து உள்ளூர்ப் பணிகள் என மாநிலப் பட்டியலில் சேர்த்துள்ளது. எனவே கோலாலம்பூர்க் கூட்டரசுப் பிரதேசத்திற்குள் இருக்கும் பிரிக்பீல்ட்சுக்கும், சிலாங்கூர் மாநிலத்தைச் சார்ந்த கிள்ளானுக்கும் ஒரே சட்டம் ஒரே வகையில் பயன்படுவதில்லை.

பிரிக்பீல்ட்சிலுள்ள விவேகானந்தா ஆசிரமம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1904இல் இலங்கைத் தமிழரால் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தின் வளாகத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் 2014இல் வெளியானபோது, பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் 2016இல் அது மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. இந்நிகழ்வில் இரு செய்திகள் கருதத்தக்கன. கட்டடத்திற்கு வந்த நெருக்கடி புறத்தாரால் நேர்ந்ததன்று. வளாகத்தை நிருவகித்த அறங்காவலர்களே முன்வைத்த திட்டத்தால் நேர்ந்தது. மேலும், நகரின் நடுவே, கண்ணைக் கவரும் முகப்போடு, முறையான நில உரிமையுடன் நின்றதால்தான் அதற்குச் சட்டத்தின் துணை எளிதாகக் கிட்டியது. அதே பிரிக்பீல்ட்சில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே ஊழியர்க்கெனக் கட்டப்பட்ட நூறு குடியிருப்புகள் இன்று இல்லை. 2010 அக்டோபரில் அப்பகுதி லிட்டில் இந்தியாவாக அலங்கரித்துத் திறக்கப்பட்டது. அலங்கார வளைவுகள் புதிதாக எழுந்த இடத்தில், மக்கள் வாழ்ந்த வீடுகள் மறைந்தன. சுற்றுலாவுக்கு ஏற்றதே மரபுடைமை என்ற கருத்து எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இது சான்றாகும்.

தோட்டங்கள் நகரங்களான பின்

சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலாமாயிற்று. சீபீல்டு தோட்ட நிலத்தில் சுபாங் ஜெயாவின் ஒரு பகுதி எழுந்தது. பேராங் புசார் முதலிய தோட்டங்கள் புத்ராஜெயாவாயின. தோட்டம் கைமாறியபோது லயங்கள் இடிந்தன; மக்கள் புறநகர்க் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். கோயிலும் இடுகாடும் மட்டும் சில இடங்களில் எஞ்சின. அவை தோட்ட நிருவாகத்தின் வாய்மொழி இசைவில் அமைந்தவை. பால்மரம் சீவியோரிடம் நிலப்பட்டா இருந்ததில்லை. ஆகவே நிலத்தின் புதிய உரிமையாளர் பார்வையில், நூறாண்டுக் கோயிலும் சட்டத்திற்குப் புறம்பான கட்டடமாகவே தோன்றியது.

இதன் விளைவுகளை நாம் அறிவோம். 2007 அக்டோபர் 30இல் ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. 2009 ஆகஸ்டில் ஷா ஆலாமில் கோயில் இடமாற்றத்தை எதிர்த்து நிகழ்ந்த ஆர்ப்பாட்டத்தில் மாட்டின் தலை கொணரப்பட்டது. 2018 நவம்பரில் சீபீல்டு மாரியம்மன் கோயில் இடமாற்றத்தை ஒட்டி எழுந்த கலவரத்தில் காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் உயிரிழந்தார். 2025இல் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நூற்று முப்பது ஆண்டுக் காலத் தொன்மை கூறப்படும் பத்ரகாளியம்மன் கோயிலின் இடமாற்றம் நாடளாவிய விவாதமாயிற்று. ஒவ்வொரு முறையும் சிக்கல் முற்றிய பின்னரே கோயிலின் வரலாறு தேடப்படுகிறது. அப்போது நம்மிடம் கிடைப்பது பெரும்பாலும் வாய்மொழியே ஆகும்.

சீனச் சமூகத்தின் பட்டறிவு இதனின்று வேறுபட்டது. 1984இல் மலாக்கா புக்கிட் சீனாவை மேம்படுத்தும் திட்டம் வந்தபோதும், நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூர்க் குவாங் டோங் இடுகாட்டை இடம்பெயர்க்கும் கருத்து எழுந்தபோதும், அச்சமூகத்தார் ஒன்றுபட்டு எதிர்த்து அவற்றைக் காத்தனர். புக்கிட் சீனா செங் ஹூன் தெங் கோயில் அறக்கட்டளையின் உடைமை. குவாங் டோங் இடுகாடு 1895 முதல் இருந்து வருவது. உணர்ச்சியோடு ஆவணமும் அவர்கள் கையில் இருந்தது. பினாங்கு யூதரிடம் உணர்ச்சியை வெளிப்படுத்த ஆளில்லாத நிலையிலும் ஆவணம் இருந்தது. நம்மிடம் உணர்ச்சி மிகுதி, ஆவணம் குறைவு.

நம் பக்கத்துக் குறைகள்

இக்குறைக்குச் சட்டத்தை மட்டும் பழித்தல் நேர்மையாகாது. நம் கோயில் குடமுழுக்கு விழா மலர்களைப் புரட்டிப் பார்ப்போர் ஓர் உண்மையைக் காணலாம். தலைவர்களின் வாழ்த்துரைகளும் நன்கொடையாளர் படங்களும் பக்கங்களை நிறைக்க, கோயில் வரலாறு ஓரிரு பக்கங்களில் அடங்கிவிடும். நூற்றைம்பது ஆண்டுப் பழமை என்ற கூற்று இருக்கும். அதற்குரிய சான்று இராது. தோட்டத்தில் கோயிலை எழுப்பிய கங்காணியின் பெயரோ, கூலியில் பிடித்தம் செய்து கட்டிய தொழிலாளர் பெயர்களோ இடம்பெறுவது அரிது. தல வரலாறு என்ற இலக்கிய வகையைத் தமிழகத்திலிருந்து நாம் பெற்றோம்; ஆயினும் அதனைப் புலம்பெயர்ந்தோர் வரலாறாக வளர்த்தெடுக்கவில்லை.

திருப்பணியின் பெயரால் நிகழும் அழிவும் உண்டு. கூரை வேய்ந்த மூலக்கோயில் அகற்றப்பட்டு, தமிழகச் சிற்பிகளைக் கொண்டு சுதைக்கோபுரம் எழுப்பப்படுகிறது. அப்பணியில் பழைய நன்கொடைக் கல்வெட்டுகள் பல வேளைகளில் குப்பையோடு போய்விடுகின்றன. முனியாண்டிக்கும் காளிக்கும் நட்ட கற்கள் ஆகமக் கோயிலின் மூலையில் ஒதுங்குகின்றன. பக்தியால் செய்யப்படும் இச்செயலை இகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் வெளியார் இடித்தால் வரலாற்று அழிவு என்றும், நாமே இடித்தால் திருப்பணி என்றும் கூறுவோமாயின், நம் வழக்கு வலுவிழக்கும்.

இடுகாடுகள் பற்றிய நம் தயக்கம் இன்னும் ஆழமானது. தீட்டு, அமங்கலம் என்னும் கருத்துகளால் நாம் அவற்றைப் பற்றி எழுதுவதில்லை. தீபாவளிக்கு முன்னர்க் கல்லறைகளுக்குச் சென்று படையலிடும் வழக்கம் மலேசியத் தமிழரிடையே உண்டு. ஆயினும் அவ்வழக்கு நம் ஆய்வுப் பொருளாகவில்லை. தமிழ் மரபோ இவ்வகையில் மௌனமானதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல் நாட்டும் முறைக்குத் தொல்காப்பியம் இலக்கணமே வகுத்துள்ளது. நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிய மரபினர், சயாம் பர்மா இரயில் பாதையில் மாண்ட தம் மக்களுக்குக் கல் நாட்டப் பல்லாண்டுகள் எடுத்துக்கொண்டனர். நேசப்படைப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த தனித்தனிக் கல்லறைகள் போருக்குப் பின் விரைவில் அமைந்தன. தமிழ்த் தொழிலாளர்க்கு அங்கு நடுகல் எழுந்தது 2023இல்தான். இடைப்பட்ட காலத்தில் அந்நினைவைக் காத்தவை வாய்மொழிக் கதைகளும் புனைகதைகளுமே. ஆ. ரெங்கசாமி தம் மரண இரயில் நாவலுக்கு 'நினைவுச் சின்னம்' என்று பெயரிட்டமை இவ்வகையில் பொருள் பொதிந்ததாகும்.

1941ஆம் ஆண்டை மீண்டும் நோக்குவோம். அவ்வாண்டு அக்டோபரில் இறந்த யூத அதிகாரியின் கல்லறை இன்றும் பராமரிக்கப்படுகிறது. அதே ஆண்டு மே மாதம் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் தமிழர் உயிரிழந்தனர். அவர்களின் பெயர்களைக் கூறவல்ல மாணவர் நம் வகுப்புகளில் எத்தனை பேர்? பேரரசின் சீருடை அணிந்து இறந்தவருக்கும், அப்பேரரசின் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு இறந்தவருக்கும் இடையிலான வேறுபாட்டை இவ்வினா உணர்த்தும்.

ஒரு மறுப்பும் விடையும்

இரு மறுப்புகள் எழக்கூடும். யூத இடுகாடு யாருக்கும் போட்டியாக இல்லாததால் விட்டுவைக்கப்பட்டது. வாழும் சமூகத்தின் கோயிலை அதனோடு ஒப்பிடலாகாது என்பது ஒன்று. இதில் உண்மை உண்டு. எனினும் மக்கள் தொகையும் வாக்கும் கோயிலைக் காக்கும் என்ற நம் நம்பிக்கையை அது தகர்க்கிறது. தோட்டத்து மக்கள் பெயர்ந்தபின், கோயிலைச் சூழ்ந்து வாழ்வோர் தொகை யூதக் கூடத்தின் பத்துப் பேரைவிடக் குறையும் நாளும் வரலாம். அந்நாளுக்குரிய ஏற்பாடு இப்போதே வேண்டும்.

மரத்தடிக் கோயில் அனைத்தையும் மரபுடைமை என்றால் வளர்ச்சிக்கு நிலம் ஏது என்பது மற்றொன்று. இம்மறுப்பும் புறந்தள்ளத்தக்கதன்று. எல்லாவற்றையும் காக்க இயலாது, காக்கவும் வேண்டியதில்லை. ஆனால் எதனைக் காப்பது, எதனை இடம்பெயர்ப்பது, எதனைப் பதிவு செய்துவிட்டு விடைகொடுப்பது என்று தெரிவு செய்வதற்கே முதலில் முழுமையான பட்டியல் தேவை. பட்டியலின்றிச் செய்யப்படும் தெரிவு, புல்டோசரின் தெரிவாகவே முடியும்.

முடிவுரை

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கும் இந்திய ஆய்வியல் மாணவர்க்கும் தனிப் பொறுப்பு உண்டு. பினாங்கின் எபிரேயக் கல்வெட்டுகளைப் படிக்கவல்லோர் அந்நகரில் இன்று அரியர். கிள்ளான் சிம்பாங் லீமா மயானத்திலும், கோலாலம்பூர் லோக் யூ சாலை மயானத்திலும், தோட்டத்து இடுகாடுகளிலும் உள்ள தமிழ்க் கற்களை இன்று படிக்கவல்லோர் பலர் உளர். தமிழ்ப்பள்ளி மாணவர் தொகையும் தமிழ் படிக்கும் வீடுகளும் குறைந்துவரும் நிலையில், இன்னும் ஒரு தலைமுறைக்குப் பின் இதனை உறுதியாகக் கூற இயலாது. இந்து, கிறித்துவ, முஸ்லிம் தமிழர் எனப் பிரிக்காமல் அனைவர் கல்லறைகளையும் இப்பணியில் சேர்த்தல் வேண்டும்.

செய்யத்தக்க பணி பெரும் பொருள் வேண்டுவதன்று. ஒவ்வொரு பள்ளியும் தன் அருகிலுள்ள ஒரு கோயிலையோ இடுகாட்டையோ ஏற்று, கல்லிலுள்ள பெயர், ஊர், நாள் ஆகியவற்றை உள்ளவாறே படியெடுத்துப் படத்தோடு பதிவு செய்யலாம். சொந்த ஊரின் பெயர் பொறித்த கல் ஒன்று, எந்த வட்டாரத்தார் எந்தத் தோட்டத்திற்கு வந்தனர் என்ற ஆய்வுக்கு முதன்மைச் சான்றாகும். பல்கலைக்கழகம் அப்பதிவுகளைத் தொகுத்துப் பேணலாம். கோயில் நிருவாகங்கள் நில உரிமைக்குரிய விண்ணப்பங்களையும் பழைய கடிதங்களையும் திருப்பணிக்கு முன்பே படியெடுத்து ஒப்படைக்கலாம். மரபுடைமை ஆணையரிடம் முறையிடும் நாளில் இவையே நம் சான்றுகளாகும்.

சோஷன் லேவி அம்மையாரைப் பற்றி நாம் அறிந்தது சிறிதே. எனினும் அவர் பெயரையும் இறந்த நாளையும் அறிவோம். கல்லில் அவை உள்ளன. நம் முப்பாட்டியருள் எத்தனை பேரைப் பற்றி இவ்வளவேனும் கூற இயலும் என்று எண்ணிப் பார்த்தால், பணியை எங்கிருந்து தொடங்குவது என்பது விளங்கும்.